முழு அளவு

ஏழு வயதுப் பெண்ணை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவது நன்றாக இல்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காலம் தள்ளியதில் காது கொஞ்சம் மந்தம். அதற்கு ஈடுகட்டுகிற மாதிரி குரல் பெரிசு. பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லும் தம்பி மகளை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. "இந்த ஊமைக்கோட்டான் மண்டைக்குள்ள என்னதான் ஓடுது?" என்று மாடி வீட்டிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் கேட்பார். நாளடைவில் ஊமை உதிர்ந்து கோட்டான் மட்டும் நின்றது. அம்மாவே ஒருநாள் "கோட்டான், பல் தேச்சாச்சா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

கோட்டானுக்குப் பேச்சு வராமல் இல்லை. தேவைக்குப் பேசுவாள். தேவை என்று அவள் நினைப்பது மிகக் குறைவு, அவ்வளவுதான். ஸ்கூலில் சுற்றுலா போய்வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். 'நனைந்தோம். திரும்பினோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். டீச்சருக்கு மார்க் போடவும் மனசு வரவில்லை, போடாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

இப்படிப்பட்டவளுக்குத் தலைவலி வந்தால் அது வெளியே தெரிய நாளாகும். காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பாள், வாயைக் கொப்பளிப்பாள், பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அம்மா தற்செயலாகப் பார்த்த அன்று, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"தினமும்தான்."

தெருமுனை டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சி ஏதும் வெளியே வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, சாப்பிடும்போது கோட்டான் அம்மாவையே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"என்ன?"

"ரெண்டா தெரியுது."

"எது?"

"நீ."

அப்பாவுக்கு இது நல்ல செய்தியாகப் பட்டது. அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். உலகத்துத் துன்பங்களில் பாதிக்குப் பவர் சரியில்லாததுதான் காரணம் என்று நம்புகிறவர். கடையிலேயே கண்ணைச் சோதிக்க வைத்து, தன் கையாலேயே லென்ஸ் தேய்த்து, சிவப்பு பிரேமில் பொருத்திக் கொண்டுவந்தார். கோட்டான் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"எப்படி?" என்றார் அப்பா.

"கண்ணாடி நல்லாருக்கு."

"பார்வை?"

"ரெண்டு."

அவர் மறுபடி தேய்த்தார். இந்த முறை நீலப் பிரேம். அதை மாட்டிக்கொண்டு கோட்டான் நேராக நடந்து போய்க் கதவு நிலையில் மோதிக்கொண்டாள். நிலை அங்கேதான் இருந்தது, எப்போதும் போல. அதற்குமேல் அப்பா லென்ஸ் தேய்க்கவில்லை. கடைக்கு வாரம் ஒருமுறை வரும் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குப் பின்னால் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். மருந்து எதுவும் எழுதவில்லை. "இன்னிக்கே தலைக்கு ஸ்கேன் எடுங்க. நாளைக்குன்னு வச்சுக்காதீங்க" என்றார்.

அம்மாவுக்கு அப்பா போன் செய்தபோது அவள் வேலையில் இருந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது தொழில். குரலை உயர்த்தியதே கிடையாது. லாரிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தாலும், "கொஞ்சம் இடது பக்கம் வாங்க" என்றுதான் சொல்வாள். போனைக் கேட்டு முடித்ததும், ஓட்டிக்கொண்டிருந்த மாணவரிடம், "அந்த மரத்துக்கிட்ட ஓரமா நிறுத்துங்க" என்றாள். அவர் நிறுத்தினார். "நல்லா நிறுத்தினீங்க. இறங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனதாகப் பிற்பாடு தெரியவந்தது.

மூளை ஆபரேஷன் செய்யும் டாக்டர் குட்டை முடியும் அகலமான கைகளும் உள்ள ஒரு பெண். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, பின்மண்டைப் பக்கம் விரல் வைத்தார். "சிறுமூளைக்கு நடுவுல ஒரு கட்டி. மூளையைச் சுத்தி எப்பவும் கொஞ்சம் தண்ணி ஓடிட்டே இருக்கும். அது போற வழிய இது அடைக்குது. வாந்தி, தலைவலி, ரெண்டா தெரியறது, எல்லாம் அதனாலதான்."

"எவ்வளவு பெரிசு?" என்றார் பெரியப்பா. யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார்.

"ஒரு எலுமிச்சம்பழ அளவு."

"பெரிய எலுமிச்சையா, சின்னதா?"

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "நடுத்தரம்."

பெரியப்பா தலையாட்டினார். ஏதோ ஒரு விஷயமாவது உறுதியானதில் அவருக்கு நிம்மதி.

கட்டியை எடுத்தாக வேண்டும், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை என்றார் டாக்டர். எவ்வளவு எடுப்பது என்பதில்தான் யோசனை. முழுக்க எடுத்தால் அடுத்த வைத்தியம் எளிது, திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் இந்த இடத்தில் கை வைத்தால் சில பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு நின்றுவிடும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ. நடை தள்ளாடும். கொஞ்சம் விட்டுவைத்தால் அந்த ஆபத்து குறையலாம், விட்டுவைத்தது வளரலாம்.

"உங்க குழந்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் அப்பா.

"எனக்குக் குழந்தை இல்ல" என்றார் டாக்டர். "ஆனா எடுக்க முடிஞ்ச வரைக்கும் எடுப்பேன். முடியாத இடத்துல நிறுத்திடுவேன்."

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள்மேல் அவளுக்கு எப்போதும் மரியாதை.

டாக்டர் கோட்டான் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

கோட்டான் யோசித்தாள். "நான் முழிச்சிருப்பேனா?"

"மாட்ட. நல்லாத் தூங்கிட்டு இருப்ப."

"நீங்க?"

"நான் முழிச்சிருப்பேன்."

"சரி" என்றாள் கோட்டான்.

ஆபரேஷன் ஒரு முழுப் பகல் நடந்தது. அப்பா மூன்று ஜோடிக் கண்ணாடிகளைத் துடைத்தார். தன்னுடையது, பெரியப்பாவுடையது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருடையது. சாயங்காலம் டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து, எல்லாமே எடுத்தாகிவிட்டது என்றார். மறுநாள் கோட்டான் கண் திறந்தாள். "தண்ணி" என்றாள். "அம்மா" என்றாள். பெரியப்பா அந்தத் தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி மூக்கைச் சிந்தினார்.

அதற்கடுத்த நாள் அவள் பேசவில்லை. அதற்கும் அடுத்த நாளும் பேசவில்லை. இதில் யாருக்கும் எந்த வித்தியாசமும் படவில்லை.

"பாப்பா பேசறாளா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"அவ சுபாவமே அப்படிங்க" என்றார் அப்பா. "வீட்லயும் இதே கதைதான்."

நர்ஸும் அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டாள். அம்மா மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டான் பதில் சொல்லாதபோது அவள் முகத்தில் ஒன்று இருக்கும். கேட்டது காதில் விழுந்தது, பதிலும் இருக்கிறது, சொல்வதாக உத்தேசம் இல்லை என்கிற முகம். அந்த முகத்தோடு அம்மா ஏழு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறாள். இப்போது "வலிக்குதாடா?" என்று கேட்டால் அது வரவில்லை. கண் எங்கேயோ நின்றது. தண்ணீர் கொடுத்தால் கடைவாயில் வழிந்தது. கையைத் தூக்கி விட்டால் சொன்ன பேச்சைக் கேட்காத கை மாதிரி விழுந்தது. காரணமில்லாமல் மெல்ல முனகினாள்.

அம்மா எழுந்து போய் டாக்டர் வரும்வரை அவர் அறைக்கு வெளியே நின்றாள்.

"இது அவளோட மௌனம் இல்ல" என்றாள். "அவ பேசாம இருக்கறது வேற. இது வேற."

டாக்டர் உடனே வந்து பார்த்தார். விளக்கடித்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வரவில்லை. "நான் முன்னாடியே சொன்னேன் இல்லையா, சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும்னு. அதுதான்."

"பேச்சு வருமா?"

"பெரும்பாலும் வரும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. முன்ன மாதிரியே வருமான்னும் சொல்ல முடியாது."

அன்று சாயங்காலம் பெரியப்பா ஒரு பை ஆரஞ்சோடு உள்ளே நுழைந்தார். "என்ன, ஊமை..." என்று ஆரம்பித்தவர் அப்படியே மென்று விழுங்கினார். சுவரைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். அந்த வாரத்திலிருந்து அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவரவர் வாயில் மகள் என்றோ பாப்பா என்றோ ஏதோ வந்தது; எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

பெரியப்பா தினமும் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த அளவு ரகசியமான குரலில், அதாவது மற்றவர்கள் சாதாரணமாகப் பேசும் குரலில், தான் அணைத்த ஒவ்வொரு தீயைப் பற்றியும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒரு பஞ்சு ஆலைத் தீயின் முடிவு தெரியாமல், மனசில்லாமலே வீட்டுக்குப் போனார்கள்.

பத்து நாளில் கட்டியைப் பரிசோதித்த முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் பரவவில்லை. தலைக்கும் முதுகெலும்புக்கும் கதிர் வைத்தியம், அதன்பின் மருந்து ஏற்றுவது, இரண்டும் வேண்டும். கதிர் வைத்தியத்தை ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது.

செய்தி வெளியே கசிந்ததும் சொந்தக்காரர்கள் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அத்தை சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொன்னாள். இன்னொரு மாமா தேன் மட்டும் போதும் என்றார். ஒருவர் அனுப்பிய வீடியோவில், ஒரு மனிதர் நீல விளக்கால் எல்லாவற்றையும் குணப்படுத்தினார். போன்களை எடுக்கும் பொறுப்பைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார். "கேட்டு சொல்றோம்" என்பார். யாரைக் கேட்டு என்று சொல்லமாட்டார். காது மந்தம் என்பது அந்த மாதங்களில் பெரிய வசதியாக இருந்தது.

கதிர் வைத்திய டாக்டர் இளவயதுக்காரர். பேசும்போது சுழல் நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருப்பார். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். கதிர் நோயைக் கொல்லும். வளரும் மூளையையும் கொஞ்சம் தொடும். பின்னால் படிப்பு மெதுவாகலாம், ஞாபகம் தடுமாறலாம், உயரம் குறையலாம். அதனால் தலைக்கும் முதுகுக்கும் கொடுக்கும் அளவைக் குறைத்தால் என்ன என்று பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்துகின்றன. சேர்ந்தால், பாதிப் பிள்ளைகளுக்கு வழக்கமான முழு அளவு. பாதிப் பேருக்குக் குறைந்த அளவு. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். சேரவில்லை என்றால் முழு அளவுதான்.

"கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா.

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் அதுகிட்ட விடறோம்."

"சரி, உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுது?"

"தெரியலங்க" என்றார் டாக்டர், நாற்காலியை நிறுத்தி. "தெரிஞ்சா அதையே எல்லாருக்கும் குடுத்துடுவேன். இந்த ஆராய்ச்சியே வேண்டாம். நிஜமாவே தெரியல."

இவ்வளவு படித்த ஒருவர் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்லி அம்மா கேட்டதில்லை. அது ஆறுதலாகவும் இருந்தது, கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போலவும் இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. அப்பா சேரலாம் கட்சி. அம்மா வேண்டாம் கட்சி. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, ஆஸ்பத்திரி லிப்டில், யாருக்கும் கேட்காத மாதிரி, நிறுத்தாமல் சண்டை போட்டார்கள். இருவரும் கத்தும் ரகம் இல்லை. அவர் லென்ஸ் தேய்க்கிற மாதிரி அதே இடத்தில் மெல்ல மெல்லத் தேய்ப்பார். அவள் ஒவ்வொன்றாக, நிதானமாக, பதில் சொல்வாள். பார்க்கிறவர்களுக்கு மளிகைச் சாமான் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் வந்து, பந்தையும் பொம்மையையும் காட்டி, "அம்மா சொல்லு, பால் சொல்லு" என்று கெஞ்சிவிட்டுப் போனாள். மகள் இப்போது விழுங்கினாள், உட்கார வைத்தால் சாய்ந்து உட்கார்ந்தாள், ஆள் நகர்ந்தால் கண் கூடவே நகர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. மறுநாள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று கதிர் டாக்டர் கெடு வைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"ஏற்கனவே பேச்சு போச்சு, நடை போச்சு" என்றார் அப்பா. "இன்னும் எத எடுத்துக் குடுக்கறது? கம்மியா கிடைக்க ஒரு வாய்ப்பு இருக்கில்ல?"

"கம்மியாக் குடுத்து, அது திரும்பி வந்துச்சுன்னா?"

"முழுசாக் குடுத்தா வராதுன்னு எழுதிக் குடுத்தாங்களா?"

"வராதுன்னு யாரும் சொல்லல. ஆனா அது இத்தன வருஷமா பார்த்த வழி."

"அப்புறம் அவளுக்கு ஒண்ணுமே மண்டையில ஏறலன்னா?"

"உசுரோட இருந்தா ஏறாட்டிப் பரவால்ல!" என்றாள் அம்மா. லாரிக்கு நேராகப் போனபோதும் உயராத குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த கட்டில்காரர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

அப்போது நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"வெளிய."

இழுத்து, தட்டையாக, பேட்டரி தீரப்போகிற பொம்மை பேசுகிற மாதிரி இருந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். தலையணையிலிருந்து மகள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் திரும்பி வந்திருந்தது.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"வெளி...ய."

இருவரும் கீழ்ப்படிந்து வெளியே வந்தார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்தது. அம்மா தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்தார்.

"என்ன ஆச்சு?"

"எங்கள வெளிய போகச் சொல்லிட்டா" என்றார் அப்பா.

"யாரு, நர்ஸா?"

"அவ."

"எவ?"

"நம்ம கோட்டான்!" என்றாள் அம்மா தரையிலிருந்து.

பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் யாருக்கும் செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேச்சுப் பயிற்சிப் பெண் ஓடி வந்தாள். முதலில் சொன்ன வார்த்தை என்ன என்று ஆவலோடு கேட்டாள். சொன்னார்கள். அவள் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. இத்தனை நாள் பாலுக்கும் அம்மாவுக்கும் உழைத்தவள். "எந்த வார்த்தையா இருந்தா என்ன" என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சந்தோஷம் அடங்கியதும் அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார், "நீ சொன்னபடியே பண்ணலாம். சேர வேண்டாம். முழுசாவே குடுக்கட்டும். அவ தாங்குவா."

அதே நேரத்தில் அம்மா, "நீங்க சொன்னதும் சரிதான். சேர்ந்துடலாம்" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீதானே வேண்டாம்னே?"

"நீங்கதானே வேணும்னீங்க?"

இத்தனை நாள் ஒருவர் சொன்னதை ஒருவர் காதில் வாங்கவே இல்லை என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். வாங்கியிருக்கிறார்கள், அளவுக்கு அதிகமாகவே. இப்போது அப்பா முழு அளவின் நன்மைகளை எடுத்துச் சொல்ல, அம்மா குறைந்த அளவின் நியாயங்களை அடுக்க, சண்டை அதே வேகத்தில் எதிர்த்திசையில் கிளம்பியது.

"ரெண்டு பேரும் ஒரு பக்கம் வந்து சேருங்கடா" என்றார் பெரியப்பா. "வேணும்னா நான் எதிர்ப்பக்கம் நிக்கறேன்."

அம்மா சுவரில் சாய்ந்து யோசித்தாள். முழு அளவு என்று தான் முடிவு சொல்லி, பின்னால் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினால், அதை இவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லாமல் கண்ணாடியைத் துடைப்பார். சேரலாம் என்று இவர் முடிவு சொல்லி, குறைந்த அளவு விழுந்து, நோய் திரும்பி வந்தால், தானும் சொல்லமாட்டாள். அது இன்னும் மோசம். அந்த டாக்டருக்கே தெரியாததை இவர்கள் இருவரும் தெரிந்த மாதிரி ஏன் சுமக்க வேண்டும்?

"சேர்ந்துடலாம்" என்றாள். "பழி உங்க மேலயும் வேண்டாம், என் மேலயும் வேண்டாம். எது வருதோ அது வரட்டும். ரெண்டுல எதையும் அவங்க தப்புன்னு சொல்லலையே."

அப்பா வெகுநேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "சரி" என்றார்.

மறுநாள் கதிர் டாக்டரின் அறையில் நாலு பேரும் கூடினார்கள். மகள் சக்கர நாற்காலியில். டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார், மகளுக்கும் சேர்த்துச் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டினார். பெரியப்பா நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். ஏதாவது சக்கரம் சுழலும், கொஞ்ச நேரமாவது ஆகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். டாக்டர் ஒரு பட்டனை அமுக்கினார், பதில் வந்துவிட்டது.

"முழு அளவு" என்றார்.

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"அவ்வளவுதான்."

"இன்னொரு தரம் அமுக்கிப் பார்க்க முடியாதா?"

"முடியாதுங்க."

ஆக, இத்தனை நாள் சண்டைக்குப் பிறகு, சண்டையே போடாமல் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுதான் கிடைத்தது. அம்மா அதை வாய்விட்டுச் சொன்னாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கலாமா என்று தெரியாமல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

கதிர் கொடுக்கும்போது தலை துளியும் அசையக் கூடாது. அதற்கு முகத்தின் அச்சில் ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் போட்டு இளகிய வலைத் தகட்டை முகத்தின்மேல் போர்த்தி அமுக்கினால், ஆறியதும் அப்படியே இறுகிவிடும். அதை மாட்டி, மேசையோடு பூட்டிவிடுவார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தினமும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் மிஷினை இயக்கும் தொழில்நுட்பர். "முதல்ல சும்மா ஒரு தரம் முயற்சி பண்ணிப் பார்ப்போம். முடியலன்னா மயக்க மருந்து."

மகள் படுத்தாள். பூட்டினார்கள். தொழில்நுட்பர் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "தூங்கிட்டாளா?" என்று சந்தேகமாகக் கேட்டார். தூங்கவில்லை. சும்மா கிடப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஏழு வருஷப் பயிற்சி. மயக்க மருந்து வேண்டியிருக்கவில்லை.

கதிர் பாயும்போது அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது. வெளியே ஒரு மைக் இருந்தது. அதில் பேசினால் உள்ளே கேட்கும். "ஏதாவது பேசுங்கம்மா. கதை சொல்லுங்க, பாட்டுப் பாடுங்க" என்றார் தொழில்நுட்பர். அம்மாவுக்குக் கதை சொல்ல வராது. பாட்டு அதைவிட மோசம். மைக்கைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்ததை ஆரம்பித்தாள்.

"சீட்ட சரி பண்ணிக்கோ. கண்ணாடிய உன் உயரத்துக்குத் திருப்பு. பெல்ட் போட்டாச்சா? கிளட்ச்ச முழுசா அமுக்கு. இப்ப முதல் கியர். மெதுவா, மெதுவா கிளட்ச்ச விடு. அவசரமே இல்ல. பின்னாடி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்."

ஆறு வாரம், வார நாட்களில், இப்படி நடந்தது. முதல் வாரம் சாதாரணத் தெரு. இரண்டாம் வாரம் சிக்னலும் வளைவும். நடுவில் முடி கொட்டியது, சாப்பாடு தங்கவில்லை, இரண்டு நாள் ரத்த அணுக்கள் குறைந்து வைத்தியமே நின்றது. அம்மா மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பதை அந்த வாரம் இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். அது கஷ்டமான பாடம். கடைசி வாரம் நெடுஞ்சாலை. மிஷினை இயக்கும் தொழில்நுட்பருக்கு லைசென்ஸ் இல்லை. அடுத்த மாதம் அவர் தேர்வுக்குப் போய் முதல் முறையிலேயே பாஸ் செய்தார்.

அதன்பின் ஒரு வருஷத்துக்குப் பக்கமாக மருந்து ஏற்றினார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போவார்கள், ஏற்றுவார்கள், வருவார்கள், வாந்தி எடுப்பாள், கொஞ்சம் தேறுவாள், மறுபடி போவார்கள். அந்த மருந்து மெல்லிய சத்தங்களைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டு காதுக்கும் கருவி வைத்தார்கள். பெரியப்பா தீக்கதையை ஆரம்பிக்கும்போது அதை அணைத்து வைக்கலாம் என்று அவள் சீக்கிரமே கண்டுபிடித்தாள். அவருக்கு அது ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகும் சொல்வதை அவர் நிறுத்தவில்லை.

பேச்சு வந்தது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மேடு ஏறுகிற மாதிரி. நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டையாகப் போனாள். பரீட்சையில் அவளுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதிலும் பல நாள் முடிக்காமல் வந்தாள். பெருக்கல் வாய்ப்பாட்டை அப்பா தினமும் சொல்லிக்கொடுப்பார். நேற்று வந்தது இன்று வராது. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். கண்ணாடியைத் துடைப்பார்.

மருந்து முடிந்து இரண்டு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனைக் கதிர் டாக்டர் திரையில் போட்டார். ஒன்றும் இல்லை. இதுவரை ஒன்றும் இல்லை என்று திருத்திச் சொன்னார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"உனக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர், எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற மாதிரி.

அவள் உட்கார்ந்தே இருந்தாள். "கம்மியா குடுத்தீங்கல்ல, வேற பிள்ளைங்களுக்கு" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக. "அவங்க எப்படி இருக்காங்க?"

டாக்டரின் நாற்காலி நின்றது. "நிறைய பேரு பல ஊர்ல இருக்காங்க. இன்னும் பார்த்துட்டுதான் இருக்கோம். முடிவு வர சில வருஷம் ஆகும். வந்ததும் உனக்குச் சொல்றேன்."

"அவங்களுக்குக் கணக்கு வருதா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை.

"அதையும்தான் பார்க்கறோம்" என்றார் டாக்டர். "ஏம்மா, உனக்குக் கணக்குக் கஷ்டமா இருக்கா?"

"எனக்கு முன்னாடியும் வராது" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பா என்று அம்மாவுக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள், சிரிப்புதான், கண்ணில் தண்ணீரோடு. "ஆமாங்க" என்றார் டாக்டரிடம். "முன்னாடியும் வராது." பெரியப்பா, என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாடியிறங்கும்போது அம்மா அவர் காதில் சத்தமாகச் சொன்னாள். கேட்டுவிட்டு, தனக்கும் கணக்கு வராது, அது குடும்பத்திலேயே இல்லை என்று அவர் அறிவித்தார். பஸ் வர நேரமாயிற்று. நாலு பேரும் நிழலில் நின்றார்கள்.